மென்னிலத்தில் இறங்கிய விமானங்கள்

ஆகாய விமானம் பறப்பதைக் கண்டு வியக்கும் நாம், அது திரும்பவும் நிலத்தில் வந்து அமர்வதைக் கண்டு அவ்வளவாக வியப்பதில்லை. பறத்தல் அரிய செயல் என்றும், இறங்குதல் அதன் இயல்பான முடிவு என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். விமானிகளின் எண்ணமோ வேறு. காற்றின் குணங்களை ஆராய்ந்து நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றை அளக்கக் கருவிகளும் அமைந்துள்ளன. ஆனால் கீழே விரிந்து கிடக்கும் நிலம் தன் உட்குணத்தை மேலே பறப்பவனுக்கு எளிதில் காட்டுவதில்லை. பச்சைப் பசேலென்று தோன்றுவது புல்வெளியாகவும் இருக்கலாம், சதுப்பாகவும் இருக்கலாம். வெள்ளை வெளேரென்று தோன்றுவது கல்லைப்போல் இறுகிய பனிக்கட்டியாகவும் இருக்கலாம், காலை வைத்தால் உள்வாங்கும் பொடிப்பனியாகவும் இருக்கலாம். எந்த நிலம் ஏந்தும், எந்த நிலம் விழுங்கும் என்பதைச் சக்கரம் தொட்ட பிறகே அறிய முடியும் என்ற நிலையில்தான் விமானத்தின் சரித்திரம் தொடங்கிற்று.

இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் விமானங்களுக்கென்று கான்கிரீட்டும் தாருமிட்ட ஓடுபாதைகள் உள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர்கள், சென்னையில் சக்கரம் தரையைத் தொடும்போது சிறிய அதிர்ச்சி ஒன்றை உணர்வதோடு சரி. அந்தச் சக்கரத்தின் கீழே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஓடுபாதை என்பது விமானத்தோடு கூடப் பிறந்ததன்று. பனியிலும் சேற்றிலும் மணலிலும் சிறு விமானங்களை இறக்கிப் பார்த்தவர்கள் பட்ட பாட்டினை அறிந்தாலன்றி, ஓடுபாதையின் அருமை நமக்கு விளங்காது. அந்தப் பாட்டின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் அடிக்கடி இடறும் சொற்களில் 'பனி' என்பதும் ஒன்று. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான். தெருவை மறைக்கும் மூட்டமும் பனிதான். இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனிதான். நம் நாட்டின் தட்பவெப்பத்துக்கு இந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. பனிமலையில் இறங்கும் விமானிக்கோ இது போதாது. புதிதாகப் பெய்த உலர்ந்த பொடிப்பனி ஒரு வகை. காற்று அடித்து இறுக்கிய பனி மற்றொரு வகை. பகலில் உருகி இரவில் உறைந்து மேலே ஓடு கட்டிய பனி இன்னொரு வகை. வெயிலில் கசிந்து கூழான ஈரப்பனி வேறொரு வகை. கண்ணாடிபோல் இறுகிய பனிக்கட்டி முற்றிலும் வேறு. இவற்றுள் ஒவ்வொன்றும் சக்கரத்தை ஒவ்வொரு விதமாக வரவேற்கும். வேறுபாடு அறியாதவனுக்கு எல்லாம் வெண்மையே. அறிந்தவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

சக்கரம் ஏன் அழுந்துகிறது? இரண்டு பேர் அமரும் சிறு விமானத்தின் எடை பெரும்பாலும் ஒரு மோட்டார் காரின் எடையைவிடக் குறைவு. ஆயினும் அந்த எடை முழுவதும் சில சிறு சக்கரங்களின் அடியில், ஓரிரு உள்ளங்கை அளவேயுள்ள இடங்களில், நிலத்தை அழுத்துகிறது. டயருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்துடன் அந்த டயர் நிலத்தை மிதிக்கிறது. நிலம் அதைத் தாங்கினால் சக்கரம் உருளும்; தாங்காவிட்டால் புதையும். பாரதப் போரில் கர்ணனுடைய தேர்ச் சக்கரம் மண்ணில் அழுந்திய கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவன் வில்லாற்றலில் குறை இல்லை. காலடி நிலமே அவனைக் கைவிட்டது.

இதற்கு மாற்று என்ன என்பதை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். சேறாக்கிய வயலில் வண்டியை இறக்கினால் சக்கரம் அச்சு வரை அழுந்தும். அதே வயலில் பரம்புப் பலகையின் மீது ஆள் ஏறி நின்று காளைகளை ஓட்டினால், பலகை சேற்றின்மேல் வழுக்கிக் கொண்டு செல்கிறது. எடை பரவினால் அழுத்தம் குறையும் என்பதே இதன் தத்துவம். பனிநாட்டு மக்கள் காலில் கட்டிக்கொள்ளும் நீண்ட சறுக்குக் கட்டையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். அகலக்கால் வைக்காதே என்பது நம் பெரியோர் அறிவுரை. பனியின்மீது மட்டும் அகலக்கால் வைப்பவனே பிழைக்கிறான்.

சக்கரம் அழுந்துவது மட்டுமே அபாயம் என்று நினைக்க வேண்டாம். அழுந்திய சக்கரம் திடீரென்று நிற்கிறது. சக்கரத்துக்கு மேலே உள்ள உடலோ முன்னே பாய்ந்துகொண்டிருக்கிறது. ஓடுகின்றவனின் காலைத் தடுக்கினால் அவன் முகங்குப்புற விழுவது போல, விமானம் மூக்கைத் தரையில் குத்திக் கவிழ்கிறது. முன்புறம் மெல்லிய காலொன்றில் சக்கரம் பொருத்திய விமானங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இரு பெருஞ்சக்கரங்கள் முன்னேயும் சிறு சக்கரம் வாலின் கீழேயும் அமைந்த பழைய வகை விமானங்கள் இதில் சற்று மேலானவை. அவையும் முழுக்கத் தப்புவதில்லை.

1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் நாள் உலகம் இதை நன்றாகக் கண்டது. ஜான் அல்காக், ஆர்தர் பிரவுன் என்ற இருவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலை எங்கும் நிற்காமல் முதன்முதலாக விமானத்தில் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிஃப்டன் என்னும் ஊரின் அருகே வந்து சேர்ந்தார்கள். சுமார் பதினாறு மணி நேரம் மேகத்தோடும் குளிரோடும் போராடியவர்களுக்குக் கீழே பசுமையான வெளி ஒன்று தென்பட்டது. நல்ல புல்வெளி என்று கருதி இறங்கினார்கள். அது சதுப்பு நிலம். சக்கரங்கள் அழுந்தின, விமானம் மூக்கைச் சேற்றில் புதைத்து நின்றது. அருகிலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தார் கையசைத்து எச்சரித்ததாகவும், வந்தவர்கள் அதை வரவேற்பு என்று எண்ணியதாகவும் சொல்வதுண்டு. கடலை வென்றவர்களைக் கடைசிச் சில கஜ நிலம் வென்றுவிட்டது. நல்லவேளையாக இருவரும் காயமின்றித் தப்பினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1921-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், ஸ்விட்சர்லாந்து நாட்டு விமானி பிரான்சுவா துராஃபூர், மோன் பிளாங்க் மலைத்தொகுதியில் தோம் து கூத்தே என்ற பனிமேட்டில் தம் சிறிய காட்ரான் விமானத்தை இறக்கினார். அதன் உயரம் சுமார் 4,300 மீட்டர். அதாவது 14,000 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்தது. எனவே இஞ்சினின் வலிமையும் குறையும், சிறகின் தாங்குதிறனும் குறையும். அவர் அங்கிருந்து மறுபடி எழும்பிப் பள்ளத்தாக்குக்குத் திரும்பினார். இறங்கியதைவிட எழும்பியதே அருஞ்செயல் என்பதை அன்றே அறிந்தோர் சிலர் இருந்திருப்பார்கள். பின்வந்த முப்பது ஆண்டுகளின் வரலாறு இந்த ஒரு பாடத்தையே திரும்பத் திரும்பப் போதித்தது.

அப்பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற நாடு அலாஸ்கா. சாலைகள் அரிதான அப்பெருநிலத்தில் தபாலும் மருந்தும் உணவும் விமானத்தையே நம்பியிருந்தன. குளிர்காலத்தில் விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டைகளைப் பொருத்துவார்கள். கோடையில் திரும்பவும் சக்கரம். 1932 ஏப்ரலில் ஜோ கிராஸன் என்ற விமானி, டெனாலி என்றும் மக்கின்லி என்றும் பெயர் வழங்கும் உயர்ந்த மலையின் பனியாற்றில், ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்காக இறங்கினார். அதே ஆண்டில் வால்டீஸ் என்ற துறைமுக ஊருக்கு ராபர்ட் ரீவ் என்பவர் வந்து சேர்ந்தார்.

ரீவ் எதிர்கொண்ட சிக்கல் விந்தையானது. மலைமீது சுரங்கம் தோண்டுவோருக்குக் கோடையில்தான் வேலை. அவர்களுக்குச் சாமான் வேண்டும். அவர்கள் இருக்கும் பனியாற்றில் இறங்கச் சறுக்குக் கட்டை தேவை. ஆனால் கோடையில் வால்டீஸ் ஊரில் பனி கிடையாது. அங்கிருந்து எழும்பச் சக்கரம் தேவை. ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டும். இரண்டையும் மாற்ற நடுவானில் இடமில்லை. ரீவ் கடற்கரையைப் பார்த்தார். கடல்நீர் வடியும் வேளையில் அங்கே பரந்த சேற்றுவெளி வெளிப்பட்டது. ஈரச்சேறு வழுக்கும் அல்லவா? சறுக்குக் கட்டைகளின் அடியில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு பொருத்திச் சேற்றிலிருந்தே எழும்பினார், பனியில் இறங்கினார், சேற்றுக்கே திரும்பினார். கடல் ஏறுமுன் திரும்ப வேண்டும் என்பதால், அவருடைய புறப்பாட்டு நேரத்தைத் தீர்மானித்தது கடிகாரமன்று, கடலின் ஏற்றவற்றமே. பிறர் வெறுத்து ஒதுக்கிய சேறு அவருக்கு ஓடுபாதையாயிற்று.

இத்தகைய அனுபவசாலியையும் பனி ஏமாற்றியது. 1937 ஜூன் மாதத்தில் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன், ராபர்ட் பேட்ஸ் என்ற மலையேறிகள் இருவரை ரீவ் கனடாவின் வால்ஷ் பனியாற்றில் இறக்கினார். வட அமெரிக்காவில் அன்றுவரை எவரும் ஏறாத சிகரங்களுள் மிக உயர்ந்ததாகிய லூகானியாவில் ஏறுவது அவர்கள் நோக்கம். பருவத்துக்கு ஒவ்வாத வெப்பம் பனியைக் கூழாக்கியிருந்தது. இறங்கிய விமானம் அதில் புதைந்தது. பல நாள் முயன்று, வேண்டாத சுமையையெல்லாம் இறக்கிவிட்டு, ஒருவாறு ரீவ் தனியே எழும்பிப் போனார். எஞ்சிய தோழர் இருவரை அழைத்து வருவதும் இயலவில்லை. இவர்களைத் திரும்ப அழைத்துச் செல்ல வருவதும் இயலவில்லை.

வாஷ்பர்னும் பேட்ஸும் மனம் தளரவில்லை. ஜூலை 9-ஆம் நாள் லூகானியாவின் உச்சியை அடைந்தார்கள். அடுத்து ஸ்டீல் என்ற மலையையும் தாண்டி, சாமான்களைக் குறைத்துக்கொண்டு, வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடந்து, நூறு மைலுக்கு மேல் நடந்து பர்வாஷ் என்னும் குடியிருப்பை அடைந்து உயிர் பிழைத்தார்கள். சுமை தாங்காமல் அவர்கள் பனியாற்றில் விட்டுப்போன காமிராக்களையும் பிற சாமான்களையும், 85 ஆண்டுகள் கழித்து 2022-இல் ஒரு குழுவினர் கண்டெடுத்தனர். விட்ட இடத்தில் அவை இல்லை. பனியாறு அவற்றைப் பதினான்கு மைல் தூரம் சுமந்து வந்திருந்தது. மனிதன் இறங்கிய 'நிலம்' அசையாமல் நிற்பதன்று, அதுவும் ஓடிக்கொண்டிருப்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அமெரிக்கப் படை விமானங்களும் இதே பாடத்தைக் கற்றன. 1942 ஜூலை 15-ஆம் நாள், ஐரோப்பாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஆறு பி-38 ரகப் போர் விமானங்களும் இரண்டு பி-17 ரகக் குண்டு வீச்சு விமானங்களும் வானிலை சீர்கெட்டு வழி தடுமாறின. பெட்ரோல் தீரும் நிலையில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பின்மீது இறங்குவதென்று முடிவு செய்தனர். முதலில் இறங்கியவர் வழக்கம்போல் சக்கரங்களை விரித்து இறங்கினார். முன் சக்கரம் பனியில் குத்திற்று. விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. உள்ளிருந்தவர் உயிரோடு வெளிப்பட்டார். மேலேயிருந்து அதைக் கண்ட மற்றவர்கள் சக்கரங்களை மடக்கிக்கொண்டு, விமானத்தின் வயிற்றையே சறுக்குக் கட்டையாக்கி வழுக்கி நின்றார்கள். இருபத்தைந்து பேரும் காப்பாற்றப்பட்டனர். ஒருவருடைய கவிழ்ச்சி பலருக்குப் பாடமாயிற்று. விமானங்களை மட்டும் பனி மூடியது. அவற்றுள் ஒன்றை 1992-இல் 268 அடி ஆழத்திலிருந்து தோண்டி எடுத்துப் பழுதுபார்த்தனர். 2002-இல் அது மீண்டும் பறந்தது.

பனியில் இறங்குவது சாகசம் என்ற நிலை மாறி உயிர் காக்கும் கலையானது 1946-இல் எனலாம். அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் அமெரிக்க விமானம் ஒன்று ஆல்ப்ஸ் மலையில் வழி தவறி, ஸ்விட்சர்லாந்தின் கௌலி பனியாற்றின்மீது மோதியது. ஆழமான மென்பனி மோதலின் வேகத்தை ஏற்றுக்கொண்டதால் அதிலிருந்த பன்னிருவரும் உயிர் தப்பினர். சக்கரத்தை விழுங்கும் அதே மென்மை அன்று மனிதரைக் காத்தது. எனினும் சுமார் 11,000 அடி உயரத்தில், கடுங்குளிரில், எத்தனை நாள் காத்திருக்க முடியும்? மீட்புக் குழுவினர் 23-ஆம் நாள் கால்நடையாகச் சென்று சேர்ந்தனர். காயமுற்றோரைச் சுமந்துகொண்டு பனியிடுக்குகளைத் தாண்டி இறங்குவது பெரும்பாடு என்பது தெரிந்தது.

மறுநாள் காலை விக்டர் ஹுக், பிஸ்தா ஹிட்ஸ் என்ற ஸ்விஸ் விமானப்படை அதிகாரிகள் இருவர், ஷ்டோர்க் எனப்படும் இரு சிறு விமானங்களில் சறுக்குக் கட்டை பொருத்திக்கொண்டு அங்கே இறங்கினார்கள். ஷ்டோர்க் என்றால் ஜெர்மன் மொழியில் நாரை. நீண்ட கால்களையுடைய அவ்விமானம் மிகக் குறைந்த வேகத்திலும் பறக்க வல்லது. சிறிய இடத்தில் இறங்கவும் எழும்பவும் வல்லது. மாறி மாறிப் பறந்து பன்னிருவரையும் மைரிங்கன் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெரிய நாடுகளின் பெரிய விமானங்கள் செய்ய முடியாததை இரண்டு நாரைகள் செய்தன. ஆல்ப்ஸ் மலையின் வான்வழி மீட்புப் பணி அன்று பிறந்ததாக அந்நாட்டார் கருதுகின்றனர்.

அக்கலையை முறைப்படுத்தியவர் ஹெர்மன் கைகர். 1914-இல் வலே மாநிலத்தில் பிறந்த இவர், மலைக்காகங்கள் சரிவில் வந்து அமரும் விதத்தைக் கூர்ந்து பார்த்தவர். பறவை சரிவை நோக்கி மேல்முகமாக வந்து, வேகம் தானே அடங்கும் தறுவாயில் காலூன்றுகிறது. எழும்பும்போது பள்ளத்தை நோக்கிப் பாய்கிறது. கைகர் இதையே விமானத்தில் செய்தார். சக்கரமும் சறுக்குக் கட்டையும் ஒருங்கே பொருத்தி, தேவைக்கேற்பக் கட்டையை ஏற்றவும் இறக்கவும் வசதி செய்துகொண்டார். ரீவ் சேற்றில் தேடிய விடையை இவர் பொறியில் கண்டார். பள்ளத்தாக்கின் ஓடுபாதையிலிருந்து சக்கரத்தால் எழும்பி, பனியாற்றில் கட்டையால் இறங்கலாம். 1952 மே 10-ஆம் நாள் காண்டர் பனியாற்றில் தம் சிறு பைப்பர் விமானத்தை அவ்வாறு இறக்கினார். அதன்பின் மலைவிடுதிகளுக்குச் சாமான் சேர்ப்பதிலும், விபத்தில் சிக்கியோரை மீட்பதிலும் அவர் பெயர் பெற்றார். 1966-இல் அவரைக் கொண்டுபோன விபத்து பனிமலையில் நேர்ந்ததன்று. சியோன் நகர விமான நிலையத்தில் நேர்ந்தது.

சறுக்குக் கட்டை இல்லாமல் வெறும் சக்கரத்தோடு பனியில் இறங்க நேர்ந்தால் என்ன செய்வது? அனுபவமுள்ள விமானிகள் சில முறைகளை வகுத்திருக்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியின் விரிவுரை என்றே அவற்றைச் சொல்லலாம். முதலில், எடையைச் சிறகிலேயே தாங்கிக்கொண்டு, சக்கரத்தால் பனியைச் சற்றே வருடிச் செல்வார்கள், நிற்க மாட்டார்கள். மேலே எழும்பித் திரும்பிவந்து தம் சக்கரத் தடத்தைத் தாமே பார்ப்பார்கள். தடம் ஆழமற்றுத் தெளிவாக இருந்தால் நலம். தடத்தில் நீர் ஊறிக் கறுத்தாலோ, மேலோடு உடைந்து பாளம் பாளமாகத் தெரிந்தாலோ, வேறு இடம் தேடுவார்கள். இறங்கும்போது மூக்கை உயர்த்தி, இயன்ற அளவு மெதுவாக, இஞ்சினை முற்றிலும் தணிக்காமல் இறங்குவார்கள். பிரேக்கைத் தொட மாட்டார்கள். உறுதியான இடம் சேரும்வரை உருண்டுகொண்டேயிருப்பார்கள். ஏனெனில், மென்னிலத்தில் நின்ற விமானத்தை மறுபடி நகர்த்துவது கடினம். காலையில் இறுகியிருந்த பனி நண்பகலில் இளகும் என்பதால், நேரத்தையும் கணக்கிடுவார்கள். வானமும் நிலமும் ஒரே வெண்மையாகி உயரம் தெரியாத வேளையில், கரிய பொருளைக் கீழே போட்டு அதைக் கண்ணுக்குக் குறியாக வைத்து இறங்குவதும் உண்டு. சக்கரத்தையே மாற்றி, குறைந்த காற்றழுத்தமுள்ள மிகப் பெரிய டயர்களைப் பூட்டுவது அலாஸ்காவில் பரவிய வழக்கம். சுருங்கச் சொன்னால், சக்கரத்தையே அகலக்கால் ஆக்கிவிடுகிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லடாக்கின் தலைநகரான லே, படையெடுப்பாளரின் கையில் விழும் நிலையில் இருந்தது. குளிர்காலத்தில் சோஜி லா கணவாயைக் கால்நடையாகக் கடந்து சென்ற சிறு படையோடு சோனம் நோர்பு என்ற லடாக்கிப் பொறியாளரும் சென்றார். பின்னாளில் மங்கோலியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றியவர் இவரே. சிந்து நதிக் கரையின் மணற்பரப்பில், ஊர்மக்களின் உழைப்பைக் கொண்டு, விமானம் இறங்க ஒரு தளத்தை அவர் அமைத்தார். ரோடு உருளைகளும் சிமெண்டும் அங்கே ஏது? மணலைச் சமப்படுத்திக் கல்லைப் பொறுக்கி எறிவதே அவர்களால் இயன்றது.

1948 மே 24-ஆம் நாள் ஏர் கமாடோர் மெஹர் சிங் ஒரு டக்கோட்டா விமானத்தை ஓட்டிக்கொண்டு, மேஜர் ஜெனரல் திம்மய்யாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். டக்கோட்டா சிறு விமானமன்று. ஆனால் அம்மலைகளின் முன் அது சிறியதே. முறையான வழிப்படம் இல்லை. பனி உறைவதைத் தடுக்கும் கருவிகள் இல்லை. இமயத்தின் சிகரங்களைத் தாண்டி, 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அம்மணல் தளத்தில் அவர் இறங்கினார். மணல் ஏந்திற்று. சில நாட்களுள் கூர்க்காப் படையினர் விமானத்தில் வந்து சேர்ந்தனர், லே காப்பாற்றப்பட்டது. அந்தச் சக்கரங்கள் கர்ணனின் சக்கரம்போல் அழுந்தியிருந்தால் நம் நாட்டின் படம் வேறாக இருந்திருக்கலாம் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். விமானியின் வீரத்தைப் போற்றும் போது, முன்னதாக மண்ணைத் தட்டிப் பார்த்த பொறியாளரையும் கல் பொறுக்கிய ஊராரையும் மறத்தல் நியாயமன்று.

இதற்கும் மேலான உயரத்தில் உள்ளது தௌலத் பேக் ஓல்டி. 16,000 அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில் 1962 ஜூலை 23-ஆம் நாள் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே, பாக்கெட் ரக விமானம் ஒன்றை முதன்முதலாக இறக்கினார். சில ஆண்டுகள் அத்தளம் பயன்பட்டது. பின்னர் 1960-களின் நடுவில் அப்பகுதியில் நேர்ந்த நில அதிர்ச்சியால் மேல்மண் நெகிழ்ந்துவிடவே, விமானங்கள் இறங்குவது நின்றது. மலை அங்கேயே இருந்தது. தளமும் அங்கேயே இருந்தது. மண்ணின் இறுக்கம் மட்டும் போயிற்று. 43 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 மே 31-ஆம் நாள், ஏ.என்.-32 ரக விமானம் ஒன்று அங்கே மீண்டும் இறங்கியது. 2013 ஆகஸ்டில் அதனினும் பெரிய சி-130 ரக விமானம் இறங்கியது. பலவகை மண்ணின் குணத்தையும் பொறுமையோடு ஆராய்ந்ததன் பயன் இது.

விமானத்துக்கு ஏற்ப நிலத்தையே திருத்துவது மற்றொரு வழி. 1941-இல் அமெரிக்கர்கள் துளையிட்ட எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று கொளுவி, மணலிலும் சேற்றிலும் விரித்து, ஓடுபாதையாக்கக் கற்றனர். தேர் ஓடும் வீதியில் மண் இளகியிருந்தால் சக்கரத்தின் கீழே பலகை இடுவது போன்றதே இது. தென்துருவக் கண்டத்திலோ பனியே ஓடுபாதையாகிறது. காற்று பனிப்பொடியை அடித்துச் சென்றுவிடும் சில இடங்களில் நீலநிறமான பழம்பனிக்கட்டி வெளிப்பட்டு நிற்கிறது. அதன்மேல் சக்கர விமானம் இறங்கலாம். 1987 முதல் அவ்வாறு நான்கு இஞ்சின் விமானங்கள் அங்கே இறங்கத் தொடங்கின. நம் மைத்ரி ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லும் விஞ்ஞானிகளும் கேப் டவுன் நகரத்திலிருந்து பறந்து, அதன் அருகிலுள்ள ரஷ்ய நிலையத்தின் பனிக்கட்டி ஓடுபாதையில் சக்கரத்தின் மீதே இறங்குகிறார்கள். 2017-இல் மக்மர்டோ என்னுமிடத்தில் பனிப்பொடியையே அழுத்தி இறுக்கிய ஓடுபாதை பயனுக்கு வந்தது. பெருஞ்சுமை விமானத்தின் சக்கரங்களையும் அது தாங்கிற்று. பனிக்கும் சக்கரத்துக்கும் இருந்த பழம்பகை ஒருவாறு சமாதானத்துக்கு வந்துவிட்டது எனலாம்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. மென்னிலத்தில் இறங்கியவர்களுள் வெற்றி பெற்றவர்கள் துணிவு மிகுந்தவர்கள் மட்டுமல்லர். துணிவு தோற்றவர்களிடமும் இருந்தது. இறங்குமுன் நிலத்தைக் கேட்டறிந்தவர்களே வென்றார்கள். ரீவ் கடலின் ஏற்றவற்றத்தைக் கேட்டார். கைகர் பறவையைக் கேட்டார். லே தளத்தை அமைத்தவர்கள் மணலைக் கையால் தொட்டுக் கேட்டார்கள். இறங்குவதற்கு முன்பே எழும்பும் வழியையும் எண்ணி வைப்பது அவர்களின் இரண்டாவது வழக்கம். லூகானியாவில் நடந்தது போல அந்த எண்ணத்தைப் பருவம் பொய்யாக்குவதும் உண்டு. அப்போது மனிதனுக்குத் துணை அவன் கால்களே.

இன்று லடாக்கின் உயர்ந்த காவல் நிலைகளில் கடுங்குளிரில் நிற்கும் படைவீரருள் தமிழ் இளைஞர்களும் உள்ளனர். அவர்களுக்கு ஊரிலிருந்து போகும் கடிதமும், தாய் அனுப்பும் ஊறுகாய்ப் பாட்டிலும், நோயுற்றால் அவர்களைக் கீழே கொண்டுவரும் உதவியும், எங்கோ ஓரிடத்தில் ஒரு சக்கரம் நிலத்தைத் தொடும் அந்த ஒரு கணத்தை நம்பியிருக்கின்றன. நிலம் ஏந்துமா என்ற கேள்வி அவ்வளவு பேருடைய கேள்வி.